புதன்கிழமை வகுப்பில் நான் உட்காரவே இல்லை, அக்கா

மெகருன்னிசா அக்காவுக்கு,

மலை மேலிருந்து கோமதி எழுதுகிறேன். நலமா என்று கேட்டு ஆரம்பிக்கத்தான் கை போகிறது. நீங்கள் போய் ஒரு வருடமும் நாலு மாதமும் ஆகிறது. அந்தக் கேள்வியை, நீங்கள் சேலம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தபோது ஒரு தடவையாவது வந்து கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உங்களை நான் எடுத்தெறிந்து பேசியது நாலு பேர் முன்னால். அதற்கான வருத்தத்தை மட்டும் தனியாக, யாருக்கும் தெரியாமல் எழுதி மடித்து வைத்துக்கொள்வது நியாயமாகப் படவில்லை. படிப்பவர்களுக்கு நம் இருவரையும் தெரியாது. அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையும் இடையிடையே சொல்லிக்கொண்டு போவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்முடையது சின்ன ஆராய்ச்சி நிலையம். கொல்லிமலையில் விளையும் மிளகுக்கும் சாமைக்கும் பலாவுக்கும் வருகிற நோய்களைப் பார்ப்பது அதன் வேலை. நான் அங்கே தாவர நோய் ஆராய்ச்சியாளர். நீங்கள் நூலகர். அத்தா என்று நீங்கள் கூப்பிடும் உங்கள் அப்பா அடிவாரத்தில் மிளகு வியாபாரம் செய்பவர். மலையிலிருந்து மூட்டைகள் அவர் கடைக்கு இறங்கும். நீங்கள் காலை முதல் பஸ்ஸில் மேலே ஏறி வருவீர்கள், எழுபது வளைவுக்கும் கண்ணை மூடிக்கொண்டு, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்தபடி. எத்தனையோ வருடம் ஏறி இறங்கியும் அந்தத் தலைசுற்றல் உங்களை விட்டபாடில்லை.

நூலகம் என்று பெயரே தவிர, பரிசோதனைக்கூடத்துக்குப் பின்னால் இருந்த ஒரு நீள அறைதான் அது. இரண்டு கம்ப்யூட்டர், மழை பிடித்தால் அறுந்து போகும் இணையம், ஈரத்தில் உப்பிப்போன பழைய ஆய்விதழ்கள். ஆனால் அந்த அறையில் உட்கார்ந்து நீங்கள் எங்களுக்கு வரவழைத்துத் தந்ததை நினைத்தால் இப்போது மலைப்பாக இருக்கிறது. இந்தக் கட்டுரை வேண்டும் என்று ஒரு சீட்டில் கிறுக்கிக் கொடுத்துவிட்டு நாங்கள் போய்விடுவோம். பணம் கட்டினால்தான் திறக்கும் என்றால், எழுதிய ஆளுக்கே நேரடியாகக் கடிதம் போடுவீர்கள். அவர் பதில் தராவிட்டால் ஏதோ ஒரு ஊரில் இருக்கும் ஏதோ ஒரு நூலகரைப் பிடிப்பீர்கள். மூன்றாம் நாள் கட்டுரை எங்கள் மேசையில் இருக்கும். எப்படிக் கிடைத்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதைப் போல நினைத்துக்கொண்டோம்.

பிறகு அந்தப் புதன்கிழமை வகுப்பு. மத்தியானம் மூன்று மணிக்கு, ஆராய்ச்சியாளர்களுக்கு. எப்படித் தேடுவது, தேடிக் கிடைத்ததில் எதை நம்புவது, காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் போலி இதழ்களை எப்படி அடையாளம் காண்பது, நாம் எடுத்தாளும் கட்டுரைகளின் பட்டியலை எப்படிச் சரிபார்ப்பது என்று மாதம் முழுவதும் திட்டம் போட்டு வைத்திருப்பீர்கள். ஒரு நாள் நான் கதவருகில் நின்றபோது நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "வெறும் பெப்பர்னு போட்டுத் தேடுனா மிளகாயும் குடமிளகாயும்தாங்க வந்து கொட்டும். மிளகு வேணுமின்னா கொடியோட அறிவியல் பேர முழுசாப் போடுங்க." உள்ளே இருந்த மூன்று பேர் சிரித்தார்கள். நான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தேன்.

ஏன் கையெழுத்து என்பதைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை பயிற்சிக்குப் போனேன் என்று காட்டினால்தான் பதவி உயர்வு விண்ணப்பம் நகரும். அதற்காக நான் வாசல் வரை வருவேன். பேனாவை வாங்குவேன். அவசர வேலை இருக்கிறது என்பேன். நீங்கள் ஒருநாளும் பதிவேட்டை மறைத்ததில்லை. ஒரே ஒரு தடவை மட்டும், "கையெழுத்துப் போட்டுக்குங்க மேடம், அதுக்கென்ன. ஆனா ஒரு நாளைக்குக் கடைசி வரைக்கும் உக்காந்து பாருங்க" என்றீர்கள். அடுத்த வாரம் உட்காருகிறேன் என்று சொன்னேன். எனக்கு அப்போது என்ன எண்ணம் தெரியுமா? முனைவர் பட்டம் வாங்கி, இத்தனை வருடம் கட்டுரை எழுதிய எனக்கு, தேடுவதற்கு ஒரு நூலகர் சொல்லித்தர வேண்டுமா என்றுதான்.

இனி சொல்ல வேண்டியதுதான் கஷ்டம்.

மிளகுக் கொடியில் வரும் வாடல் நோய் உங்களுக்கும் தெரியும், உங்கள் அத்தாவுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். மழைக்காலத்தில் அடித்தண்டில் அழுகல் பிடித்து, இரண்டே வாரத்தில் கொடி முழுவதும் உதிர்ந்து நிற்கும். அதைத் தடுக்க மழைக்கு முன்னால் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த போர்டோ கலவையைத் தெளிப்பார்கள். அது இல்லாமலே, மண்ணில் இருக்கும் ஒரு நுண்ணுயிரை மட்டும் வளர்த்துக் கொடியின் வேரில் ஊற்றினால் போதும் என்று வெளிநாட்டுக் கட்டுரை ஒன்று சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு நான் இறங்கினேன். நம் நிலையத்துத் தோட்டத்தில் ஒரு வருடம் ஊற்றிப் பார்த்தேன். நோயே வரவில்லை. அந்த வருடம் மழையும் சரியாகப் பெய்யவில்லை என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள விரும்பவில்லை என்பதுதான் சரி. கட்டுரை எழுதினேன், ஒரு நல்ல இதழ் வெளியிட்டது. அடுத்தபடியாக விவசாயியின் காட்டில் செய்து காட்டலாம் என்று முடிவானது.

மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்; அப்படி ஆலத்தூர் நாட்டில் சின்னப்பொண்ணு என்ற அக்காவின் காட்டைத் தேர்ந்தெடுத்தேன். சில்வர் ஓக் மரங்களில் பதினோரு வருடத்துக் கொடிகள், ஒவ்வொன்றும் மரத்தை மூடிக்கொண்டு தழைத்திருந்தன. கணவர் இல்லாமல் தனியாகவே காட்டைப் பார்த்துக்கொள்கிறவர். இந்த வருடம் போர்டோ தெளிக்க வேண்டாம், நான் தருவதை மட்டும் ஊற்றுங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு, நீங்கள் சொன்னால் சரிதான் என்று ஒப்புக்கொண்டார்.

அந்த வேலையைப் பற்றித் திட்டமிட நாங்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்த அறைக்குத்தான் நீங்கள் ஒரு தாளோடு வந்தீர்கள். நான் கேட்காமலே என் கட்டுரையில் எடுத்தாண்டவற்றின் பட்டியலை ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருக்கிறீர்கள். அது உங்கள் பழக்கம் என்று பின்னால் தெரிந்தது. நிலையத்திலிருந்து வெளியாகும் எந்தக் கட்டுரையையும் அப்படிப் பார்ப்பீர்களாம். வாசலில் நின்றபடியே சொன்னீர்கள்.

"மேடம், நீங்க அடிப்படையா வெச்சிருக்கற அந்தக் கட்டுரைய அந்த இதழே திரும்ப வாங்கிருச்சுங்க. எழுதுனவங்க படத்தையெல்லாம் மாத்திப் போட்டிருக்காங்களாம். காட்டுக்குக் கொண்டு போறதுக்கு முந்தி ஒருக்காப் பாத்துக்குங்க."

மற்ற மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது. நான் சொன்ன வார்த்தையை மாற்றாமல் எழுதுகிறேன்.

"புத்தகத்த அடுக்கறது உங்க வேலை. எது அறிவியல்னு பாக்கறது எங்க வேலை. நீங்க போங்க."

நீங்கள் தாளை மேசையின் ஓரத்தில் வைத்தீர்கள். "சரிங்க மேடம்" என்றீர்கள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனீர்கள்.

அன்று சாயங்காலமே நான் அந்தக் கட்டுரையைத் திறந்து பார்த்தேன், அக்கா. இது உங்களுக்குத் தெரியாது. பக்கத்தின் குறுக்கே சிவப்பில் எழுதியிருந்தது, திரும்பப் பெறப்பட்டது என்று. நீங்கள் சொன்னதில் ஓர் எழுத்தும் பிசகில்லை. பார்த்த பிறகாவது வந்து உங்களிடம் பேசியிருக்கலாம். அவர்கள் படத்தில்தானே தப்பு, எண்ணம் சரியாக இருக்கலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம் தோட்டத்தில் நோய் வரவில்லையே என்றேன். வருடாந்திர ஆய்வுக் கூட்டம் நெருங்குகிறது, இப்போது போய் எப்படி நிறுத்துவது என்றேன். ஒரு காரணம் போதாமல் மூன்று காரணம் தேடியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சின்னப்பொண்ணு அக்காவின் காட்டுக்கு ஜீப் போனது. நான் என் கையாலேயே வேரில் ஊற்றினேன்.

அந்த வருட மழை உங்களுக்கு நினைவிருக்கும். பஸ்ஸே இரண்டு நாள் ஏறவில்லை. மூன்றாம் வாரம் சின்னப்பொண்ணு அக்கா போன் செய்தார். போய்ப் பார்த்தபோது இலைகள் கறுத்துத் தொங்கின. கணு கணுவாகக் கழன்று கொடி தரையில் கிடந்தது. பாதிக்கு மேல் போய்விட்டது. வரப்புக்கு அந்தப் பக்கம், போர்டோ தெளித்த அடுத்தவர் காட்டில் கொடிகள் பச்சையாக நின்றன. சின்னப்பொண்ணு அக்கா அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நானாகத்தான் சொன்னேன், இந்த வருடம் மழை அதிகம், என்ன செய்வது என்று. சொல்லிவிட்டுக் குனிந்து மண் மாதிரி எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. நிமிர முடியவில்லை, அதனால் எடுத்தேன்.

அந்தப் பருவத்தில் சின்னப்பொண்ணு அக்காவின் மிளகு உங்கள் அத்தா கடைக்கு வழக்கம்போல வரவில்லை. அத்தா வீட்டில் பேச்சுவாக்கில் சொன்னதை வைத்து உங்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. ஒரு நாள் காலையில் என் மேசையில் ஒரு கட்டு இருந்தது. மிச்சம் இருக்கும் கொடிகளைக் காப்பாற்றுவது எப்படி என்பது பற்றிய கட்டுரைகள். ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால், சரிபார்த்தது என்று எழுதித் தேதி போட்டிருந்தீர்கள். மேலாக ஒரு பக்கம், விவசாயிக்குப் புரியும் தமிழில். தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டுவது, செத்த கொடியை வேரோடு எடுத்து எரிப்பது, அடித்தண்டில் போர்டோ பசை பூசுவது, எல்லாம் வரிசையாக. நான் அன்று ஏதோ கடுமையான வார்த்தையை எதிர்பார்த்துக் கட்டைப் புரட்டினேன். ஒரு வார்த்தைகூட இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கோபப்பட்டிருக்கலாம். கட்டை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் நாம் ஒரே வராந்தாவில் நடந்தோம். நீங்கள் எதிரே வந்தால் வணக்கம் மேடம் என்பீர்கள். நான் தலையை அசைப்பேன். எனக்குக் கட்டுரை வேண்டுமென்றால் உதவியாளர் மூலமாகச் சீட்டு அனுப்பினேன். மூன்றாம் நாள் கட்டுரை வந்தது, எப்போதும்போல. ஒரு தடவை கைகழுவும் இடத்தில் நாம் இருவர் மட்டும் நின்றோம். எனக்கு வாய்வரை வந்தது. நீங்களும் ஒரு நிமிடம் நின்றீர்கள், நான் பேசுவேன் என்று காத்திருந்ததைப் போல. நான் துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டேன். அன்று உங்கள் முகம் வெளுத்திருந்ததை நான் பார்த்தேனா, இல்லை, இப்போதுதான் அப்படித் தோன்றுகிறதா?

நீங்கள் நீண்ட விடுப்பில் போனது ஆபீஸில் பேசிக்கொண்டபோதுதான் தெரிந்தது. மார்பில் கட்டி என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஞாயிறு போனது. அடுத்ததும் போனது. வெறும் கையோடு போவதா, முதலில் மன்னிப்புக் கேட்பதா, நோயாளியிடம் போய் அந்தப் பேச்சை எடுக்கலாமா என்று என்னென்னவோ யோசித்தேன். யோசித்ததெல்லாம் போகாமல் இருப்பதற்குத்தான். ஐப்பசியில் ஒரு மத்தியானம் நிலையத்துக்குப் போன் வந்தது.

எல்லோருமாக வேனில் மலை இறங்கி உங்கள் வீட்டுக்கு வந்தோம். உள்ளே பெண்களோடு உட்கார்ந்தேன். உங்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் கோமதி மேடமா? எம் மக உங்களப் பத்திச் சொல்லும்" என்றார். என்ன சொல்வீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. என்ன சொன்னீர்கள், அக்கா?

உங்கள் அறையைப் பூட்டிச் சாவியை ஆபீஸில் மாட்டினார்கள். அந்த வேலைக்கு ஆள் போடவில்லை. இணையத்திலேயே எல்லாம் கிடைக்கிறதே, தனியாக நூலகர் எதற்கு என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

நீங்கள் போன நாலாம் மாதம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வேறொரு மலை மாவட்டத்தில் மிளகில் வேலை செய்யும் ஆராய்ச்சியாளர். என் கட்டுரையைப் படித்தாராம். மிகவும் நம்பிக்கை தருகிறது என்று எழுதியிருந்தார். வரும் மழைக்கு முன்னால் தங்கள் பக்கத்து விவசாயிகளிடம் போர்டோவை நிறுத்தச் சொல்லிவிட்டு இதைக் கொடுக்கப்போவதாகவும், நுண்ணுயிர் மாதிரியை அனுப்ப முடியுமா என்றும் கேட்டிருந்தார். ரொம்ப மரியாதையான கடிதம்.

எனக்கு முன்னால் ஒருவர் பொய்ப் படம் போட்டுக் கட்டுரை எழுதினார், நான் ஏமாந்தேன். இப்போது என் கட்டுரையை நம்பி இன்னொருவர் ஏமாறப்போகிறார். எனக்காவது நீங்கள் வந்து சொன்னீர்கள். அவருக்குச் சொல்ல அங்கே யாராவது இருக்கிறார்களா?

அன்றே பதில் எழுதினேன். கொடுக்காதீர்கள், போர்டோவை நிறுத்தாதீர்கள், விவசாயியின் காட்டில் செய்தபோது கொடி செத்தது, அதை நான் எங்கும் எழுதவில்லை என்று. அனுப்பிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு உங்கள் அறைக்குப் போனேன். வெளியான என் கட்டுரையை நானே திரும்பப் பெற வேண்டும். அதை எப்படிச் செய்வது, யாருக்கு எழுதுவது, என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருட ஆராய்ச்சியில் அதைத் தெரிந்துகொள்ளும் தேவை வரும் என்றே நினைத்ததில்லை. உங்கள் அலமாரியில் வகுப்புக் குறிப்புகள் தலைப்பு வாரியாக இருந்தன. ஒரு கோப்பின் மேல், "நம் கட்டுரையில் பிழை தெரிந்தால் நாம் செய்ய வேண்டியது" என்று எழுதியிருந்தது. உள்ளே படிப்படியாக எல்லாம் இருந்தது. பின்னால் அன்றைய வருகைப் பதிவின் நகலும் இருந்தது. இரண்டாவது பெயர் என்னுடையது. கையெழுத்து ரொம்பத் தெளிவாக இருந்தது.

உங்கள் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதழுக்கு எழுதினேன். என்னோடு கட்டுரையில் பெயர் இருந்த இருவரில் ஒருவர் ஒப்புக்கொண்டார். இன்னொருவர் இப்போது என்னோடு பேசுவதில்லை. நிலையத்துத் தலைவர் கூப்பிட்டு, யாரும் கேட்காதபோது உங்களுக்கு நீங்களே ஏன் குழி வெட்டிக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். அவர் என்மேல் இருந்த அக்கறையில்தான் கேட்டார். என் பதவி உயர்வு நின்றுபோனது. கட்டுரையின் குறுக்கே இப்போது அதே சிவப்பு எழுத்து இருக்கிறது. அந்த வேறு மாவட்டத்து ஆராய்ச்சியாளர் இரண்டே வரி எழுதினார், விவசாயிகளிடம் பேசுவதற்கு முந்தின நாள் என் கடிதம் கிடைத்ததாகவும், நன்றி என்றும். உங்களுக்கு வந்திருக்க வேண்டிய கடிதம் அது.

பிறகு சின்னப்பொண்ணு அக்காவிடம் போனேன். ஜீப்பை ரோட்டிலேயே விட்டுவிட்டு இறங்கி நடந்தேன். அவர் களத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். சிறிய குவியல்தான். என்னைப் பார்த்ததும் உட்காரச் சொல்லி ஒரு சாக்கை விரித்துப் போட்டார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மழை மட்டும் காரணமில்லை, நான் நம்பிய கட்டுரை தப்பு, தப்பு என்று தெரிந்த பிறகும்தான் அவர் காட்டுக்கு வந்தேன் என்று. அவர் கையால் மிளகைப் பரப்பிக்கொண்டே கேட்டார்.

"தெரிஞ்சுமா ஊத்துனீங்க?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"அன்னிக்கே ஏனுங்க சொல்லல?"

அவர் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. எழுந்து, சேலையில் கையைத் தட்டிக்கொண்டு, மேலே வரச் சொன்னார். மிச்சம் இருந்த கொடிகளைக் காட்டினார். வரிசைக்கு வரிசை வாய்க்கால் வெட்டியிருந்தது. அடித்தண்டுகளில் நீலப் பசை காய்ந்து ஒட்டியிருந்தது. செத்த இடங்களில் புதுப் பதியன்கள் மரத்தைப் பிடித்து இடுப்புயரம் ஏறியிருந்தன. இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"உங்க லைப்ரரி அம்மா வந்துச்சுங்களே. மெகரம்மா. அந்த வருசம் மிளகு பறிக்கற மாசமே வந்துச்சு. பஸ்ஸுல வந்து, அங்கிருந்து நடந்தே வந்துச்சு, பாவம், மூச்சு வாங்குச்சு. ஒரு தாளப் படிச்சுக் காட்டி, இப்படி இப்படிப் பண்ணுங்கன்னு சொல்லிக் குடுத்துச்சு. அப்பறம் ரெண்டு தடவ வந்து பாத்துட்டுப் போச்சு."

என் இழுப்பறையில் கிடந்த அதே பக்கம். நான் கொண்டு போகமாட்டேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் நீங்களே கொண்டு போயிருக்கிறீர்கள், அந்த உடம்போடு.

சின்னப்பொண்ணு அக்கா ஒரு கொடியின் இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே மேலும் சொன்னார். "நாங் கேட்டனுங்க, மருந்து ஊத்துன எங்க காடுதானே போச்சு, இது யாரு தப்புன்னு. அதுக்கு அது சொல்லுச்சு, அத அவங்களே வந்து சொல்லுவாங்க, சொல்லாம இருக்கற ஆளு இல்லீங்க அவங்கன்னு. நானும் இந்த மாசம் வருவீங்க, அடுத்த மாசம் வருவீங்கன்னு பாத்தேன்."

அக்கா, என்னை நம்பி அப்படி ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு என்னிடம் என்ன இருந்தது? நாலு பேர் முன்னால் உங்களை வெளியே போகச் சொன்னவள் நான். வராந்தாவில் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனவள். கைகழுவும் இடத்தில் நீங்கள் நின்ற அந்த ஒரு நிமிடம், சின்னப்பொண்ணு அக்காவிடம் இதைச் சொன்னதற்கு முன்பா பின்பா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பின்புதான். நான் சொல்லிவிடுவேன் என்று நம்பித்தான் நின்றிருக்கிறீர்கள்.

நான் அங்கேயே, அந்தக் கொடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். சின்னப்பொண்ணு அக்கா தேற்றவில்லை, தடுக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். கிளம்பும்போது, "வந்து சொன்னீங்க, சரி. ஆனா இனி எங்க காட்டுல சோதனையெல்லாம் வேண்டாங்க" என்றார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கு எதிர்பார்ப்பும் இல்லை.

இப்போது உங்களுக்கு ஒரு செய்தி. உங்கள் அறை திறந்திருக்கிறது. தலைவரிடம் எழுதிக் கேட்டு, புதன்கிழமை மத்தியானம் நான் திறக்கிறேன். முதல் வாரம் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். எனக்கு உங்கள் அளவுக்குச் சொல்ல வரவில்லை. மிளகு, மிளகாய் என்று நீங்கள் சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனாலும் அவரவர் கட்டுரைப் பட்டியலைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றாகத் திறந்து இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று சேர்ந்து பார்க்கிறோம். போன மாதம் ஒருவருடைய பட்டியலில் திரும்பப் பெற்ற கட்டுரை ஒன்று அகப்பட்டது. அவர் இன்னும் காட்டுக்குப் போயிருக்கவில்லை. நூலகர் வேலைக்கு ஆள் போட வேண்டும் என்று எல்லோருமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

போன புதன்கிழமை, புதிதாகச் சேர்ந்திருக்கும் நிவேதா என்ற ஆராய்ச்சியாளரிடமும் மற்றவர்களிடமும் என் கதையைச் சொன்னேன். உங்கள் பெயரைச் சொன்னேன். நான் சொன்ன வார்த்தையையும் சொன்னேன். நிவேதா கேட்டாள்.

"அப்பறம் அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா மேடம்?"

இல்லை என்றேன். ஏழு மாதம் இருந்தது, கேட்கவில்லை என்றேன். நான் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த கட்டுரையைத் திறந்தேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அக்கா. புது நூலகர் வந்தால் சாவியை அவர் கையில் கொடுப்பேன். வகுப்பு முடியும்வரை எழுந்து போகமாட்டேன். அவர் என் கட்டுரையில் தப்பு இருக்கிறது என்று சொன்னால், யார் முன்னால் சொன்னாலும், உட்காருங்கள், காட்டுங்கள் என்பேன். அவர் வரும்வரை எத்தனை வருடம் ஆனாலும் அந்த அறையை நான் திறப்பேன். முதல் நாள் வருகிற ஒவ்வொருவரிடமும், உங்களிடம் நான் கேட்காமல் விட்ட மன்னிப்பைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவேன்.

என்றும் உங்கள் தங்கை,
கோமதி